தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: ஒரு கட்சிக்காரனின் மதிப்புரை

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து தம்பானூர் பேருந்து நிலையத்தின் பக்கம் திரும்பினால், சுருட்டி நட்டுவைத்த பாயைப் போல ஒரு சிவப்புக் கட்டடம் கண்ணில் படும். ஜன்னல் என்று தனியாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. சுவர் முழுக்கச் சிறு சிறு துளைகள். முதன்முறை பார்க்கிறவர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டி என்றோ புறாக்கூண்டு என்றோதான் நினைப்பார்கள். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். குழித்துறையிலும் இரணியலிலும் ரயிலேறி வரும் குமரி மாவட்டத்துக்காரர்கள் பலருக்குத் திருவனந்தபுரம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அடுத்தது இந்தக் கட்டடம். நோயாளியை வார்டில் சேர்த்துவிட்டு வந்து மூச்சு வாங்க உட்காரும் இடமாகத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதை அறிந்திருக்கிறார்கள்.

இதை எழுதுகிறவன் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆதரவாளன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. எனக்கு வயது 25. விளவங்கோடு தாலுகாவில், ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்த பாட்டாவுக்கும், அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கைத்தோல் கறுத்துப்போன பாட்டிக்கும் பேரனாகப் பிறந்தவன். இருவரும் சங்கத்தில் இருந்தவர்கள். 2004இல் நாகர்கோவில் தொகுதியில் ஏ.வி. பெல்லார்மின் வென்று நாடாளுமன்றம் போனபோது எனக்கு நாலு வயது. அன்று பாட்டா வெடித்த வெடிக்கு நான் அழுதேன் என்பதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். இன்று வாலிபர் சங்கத்தின் உறுப்பினர் சீட்டு என் பர்சில் இருக்கிறது. சென்னையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் யாராவது, "இன்னுமா அந்தக் கட்சியெல்லாம் இருக்கிறது?" என்று கேட்டால், மறைக்காமல், கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடே, "இருக்கிறது, நானும் இருக்கிறேன்" என்று சொல்லும் வழக்கம் உள்ளவன். தம்பானூர் காபி ஹவுஸை நண்பர்களிடம் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் "எங்கள் கட்சி ஓட்டல்" என்றுதான் சொல்லிவந்தேன். அது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பின்னால் பார்ப்போம். கட்சிப் பெருமை தோசைக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதால், முதலில் சாப்பிட வந்தவனாகவே எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் மாடிப்படி எங்கே என்று தேட வேண்டாம். மாடியும் இல்லை, படியும் இல்லை. தரையே ஒரு சாய்வுப் பாதையாக வளைந்து வளைந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும்; வெளிச்சுவரை ஒட்டி, திண்ணையைப் போலக் கட்டிய இருக்கைகளும் கட்டி எழுப்பிய மேசைகளும் பாதையோடு சேர்ந்து ஏறும். தரை சாய்ந்திருந்தாலும் மேசை சமமாகவே இருக்கிறது. காபிக் கோப்பையை வைத்துவிட்டுச் சற்று நேரம் உற்றுப் பார்த்தேன், காபியின் விளிம்பு எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை. கட்டடத்தின் நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்கும் ஒரு வட்டக் குழல் இருக்கிறது. சுவர்த் துளைகள் வழியே வெயில் சிறு சிறு கட்டங்களாக மேசைமேல் விழுகிறது. நேரம் ஆக ஆக அந்தக் கட்டங்கள் தட்டிலிருந்து கைக்கும், கையிலிருந்து மடிக்கும் நகர்கின்றன. வெளியே பேருந்துகள் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் சந்திப்பு அது. உள்ளே மின்விசிறி இல்லாமலே காற்று ஓடுகிறது என்று சொன்னால், மே மாதத்தில் அங்கே போனவர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆனால் மழைக்காலத்து மாலைகளில் அது உண்மை.

இதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, காந்தியைச் சந்தித்து, தொழுநோயாளிகளுக்கான சேவைப் பணிக்காக இந்தியா வந்து, கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டவர். அந்தந்த ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, பூச்சு வேலை இல்லாமல், செலவைக் குறைத்துக் கட்டுவது அவருடைய வழி. இந்தத் துளைச்சுவரும் அழகுக்காக மட்டும் வைத்ததன்று. கதவு, சட்டம், கண்ணாடி என்று ஜன்னலுக்கு ஆகும் செலவு அதில் மிச்சம். அதே நகரில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும் அவர் கைவண்ணமே. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் முதலமைச்சராக இருந்த சி. அச்சுத மேனனோடு சேர்ந்து, ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் காஸ்ட்போர்டு அமைப்பை 1985இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பேக்கர் குவேக்கர் என்ற பிரிவைச் சேர்ந்த கிறித்தவர், காந்தியின் வழியைப் பின்பற்றியவர், கம்யூனிஸ்ட் அல்லர். எங்கள் ஆட்கள் சிலர் அவரையும் பேச்சுவாக்கில் தோழராக்கிவிடுவதால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

பரிமாறும் வேலையைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு மாதம், சென்னையில் ஒரு ஓட்டலில் சர்வராக இருந்தேன். பெயர் வேண்டாம். காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் இரவு பதினொன்றுக்கு முடியும். மேசையில் வைக்கப்படும் டிப்ஸ் எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தகர டப்பாவுக்குள் போக வேண்டும். மாதக் கடைசியில் அந்த டப்பா திறக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை. சாப்பாடு இலவசம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால், ஈரத் தரையில் நின்றபடி, மதியம் மூன்றரைக்கு மிஞ்சியதை எடுத்துக்கொள்வதுதான் அந்தச் சாப்பாடு. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் தப்பித் தவறிக் கிளீனர் பையன் ஒருவன் உட்கார்ந்துவிட்டதற்கு மேனேஜர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு, எந்த உணவகத்துக்குப் போனாலும் என் கண் முதலில் தட்டைப் பார்ப்பதில்லை. தட்டைக் கொண்டுவருகிறவரின் காலைத்தான் பார்க்கிறது.

அந்தக் கண்ணோடு பார்த்தால், தம்பானூர்க் கட்டடத்தில் பரிமாறுவது சாதாரண வேலை அன்று. சமதரையில் நாலு தட்டை அடுக்கிக்கொண்டு நடப்பதே ஒரு வித்தை. இங்கே ஏற்றத்தில் ஏறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இறங்கும்போது குதிகாலில் நிற்க வேண்டும், இரண்டிலும் சாம்பார் மட்டும் சாயக் கூடாது. எனக்குப் பரிமாறியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது முழங்கையின் மடிப்பில் இரண்டு தட்டு, உள்ளங்கையில் ஒன்று, வலது கையில் தண்ணீர்த் தம்ளர்கள். அவசரமும் இல்லை, அசதியும் இல்லை. நான் கேட்ட கட்லெட்டைக் கொண்டுவந்து வைத்த பிறகு, அடுத்த மேசையில் முதியவர் ஒருவர் தாம் ஆர்டர் சொன்னதையே மறந்துவிட்டு முழித்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, அவர் சொன்னது என்னவென்று அவருக்கே நினைவுபடுத்திவிட்டுப் போனார். இது பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியாத சங்கதி. சிரித்த முகமும் "சார், சார்" என்ற குழைவும் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தச் சேவை சற்று வறண்டதாகத் தோன்றலாம். எனக்கு அந்த வறட்சி பிடித்திருந்தது, ஏனென்றால் குழைவு எப்படி வரவழைக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும்.

இனிச் சாப்பாடு. காபி ஹவுஸ் மசால் தோசையை முதன்முறை பிய்க்கும் தமிழர்கள் கொஞ்சம் பதறத்தான் செய்வார்கள். மஞ்சள் உருளைக்கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில், பீட்ரூட்டும் கேரட்டும் கலந்த கருஞ்சிவப்பு மசாலா இருக்கும். பீட்ரூட்டின் தித்திப்பு சட்னியின் காரத்தோடு சேரும்போது ஒரு சுவை வருகிறது; அதற்கு நாக்குப் பழக இரண்டாவது தோசை தேவைப்படும். கட்லெட்டும் அதே குடும்பம்தான். மேலே ரொட்டித்தூள் மொறுமொறுவென்று பொன்னிறமாக இருக்க, முள்கரண்டியால் குத்தித் திறந்தால் உள்ளே சிவப்பு. கம்யூனிஸ்ட்டுகள் நடத்துவதால்தான் எல்லாவற்றிலும் பீட்ரூட் என்ற நகைச்சுவை கேரளத்தில் மிகப் பழையது. அதை அங்கே சொல்லிப் பார்த்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள், ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். என் வாக்கு கட்லெட்டுக்கே. கூடவே வரும் சாஸைத் தொடாமல், நறுக்கிய வெங்காயத்தோடு சாப்பிட்டுப் பார்க்கலாம். அசைவம் உண்பவர்களுக்கு மட்டன் ஆம்லெட் உண்டு, கொத்துக்கறியை முட்டைக்குள் மடித்துத் தருவார்கள். பாம்பே டோஸ்ட் குழந்தைகளுக்கானது என்று வைத்துக்கொள்ளலாம், நான் இரண்டு தின்றேன் என்றாலும்.

காபியை வைத்துத்தான் தமிழ் வாசகர்கள் இந்த இடத்தை எடை போடுவார்கள் என்பது தெரியும். கும்பகோணத்து டிகிரி காபியை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்த நினைப்பைத் தம்பானூர்ச் சந்திப்பிலேயே விட்டுவிட்டு உள்ளே வருவது நல்லது. டபராவும் இல்லை, நுரையும் இல்லை. வெள்ளைப் பீங்கான் கோப்பையும் சாசருமாக, அளவான கசப்போடு, மெலிதாக, நின்று நிதானமாகக் குடிக்கும்படி ஒரு காபி. சிக்கரி தூக்கலாக இருந்தால்தான் காபி என்று நம்பும் எங்கள் வீட்டுக் கோஷ்டிக்கு இது ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே குடிப்பதற்கு ஏற்றது இந்தக் காபிதான். டிகிரி காபியில் அது நடக்காது, ஆறினால் அது செத்துவிடும். விலையைப் பொறுத்தவரை, ரயில் நிலையத்துக்கு எதிரில் உட்கார்ந்து இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டு எழுவது பெரிய நகரங்களில் இன்று அரிது.

அங்கே பரிமாறுகிறவர்களின் உடையைப் பற்றிச் சொல்லாமல் இந்த உணவகத்தைப் பற்றி எழுதியதாகாது. வெள்ளைச் சட்டை, இடுப்பில் பட்டை, தலையில் கஞ்சி போட்டு விறைத்த முண்டாசு. அதன் உச்சியில் விசிறியை விரித்ததுபோல ஒரு மடிப்பு, மயில் கொண்டையைப் போல நிற்கும். வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சேவகம் செய்தவர்களின் கோலம் அது. முதலாளியே இல்லாத ஓட்டலில் இந்த வேலைக்காரக் கோலம் எதற்கு என்று எனக்கு நெடுநாளாக ஒரு உறுத்தல் இருந்தது. எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒருமுறை இதைச் சொன்னபோது, மூத்த தோழர் ஒருவர், "அந்தத் தலைப்பாகையைக் கட்டியிருப்பவன் அந்தக் கடைக்குச் சொந்தக்காரன். கழற்றச் சொல்ல நீ யார்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்த உறுத்தல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அன்று எனக்குப் பரிமாறியவர் சாய்வுப் பாதையில் ஏறும்போது, அந்த விசிறி மடிப்பின் நுனி தாழ்ந்த விட்டத்தில் உரசாமல் இருக்கத் தலையை ஒரு சிறு கோணத்தில் சாய்த்துக்கொண்டு போனார். பல வருடப் பழக்கம் அது, அவருக்கே தெரிந்திருக்காது.

"சொந்தக்காரன்" என்றது அலங்காரப் பேச்சு அன்று. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதற்காகவே இந்த மதிப்புரையும். இந்தியக் காபிக்கு உள்நாட்டில் சந்தை தேடுவதற்காகக் காபித் தீர்வைக் குழு 1936இல் பம்பாயின் சர்ச்கேட்டில் முதல் காபி ஹவுஸைத் திறந்தது. 1940களில் நாடெங்கும் ஏறக்குறைய 50 கடைகள் ஆயின. 1950களின் நடுவில் காபி வாரியம் கொள்கையை மாற்றிக்கொண்டு கடைகளை மூட முடிவெடுத்தது. தொழிலாளர்களுக்கு வேலை போயிற்று. அப்போது கம்யூனிஸ்ட் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த, ஏ.கே.ஜி. என்று அழைக்கப்படும் ஏ.கே. கோபாலன், கடைகளை மூடாதே என்று கோஷம் போடுவதோடு நின்றுவிடாமல், கடைகளைத் தொழிலாளர்களிடமே கொடு என்று கேட்க வைத்தார். தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தார்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு சங்கம், அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஒன்று. கேரளத்தின் முதல் கடை 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் திறந்தது. "இந்தியா காபி ஹவுஸ்" என்பது "இந்தியன் காபி ஹவுஸ்" ஆயிற்று. இன்று கேரளத்தின் வடக்கே உள்ள கடைகளைக் கண்ணூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சங்கமும், தம்பானூர் உள்ளிட்ட ஏனைய பகுதிகளில் உள்ளவற்றைத் திருச்சூர்ச் சங்கமும் நடத்துகின்றன. தொழிலாளர்கள்தாம் பங்குதாரர்கள், நிர்வாகக் குழுவை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஏ.கே.ஜி. தமிழ்நாட்டுக்கும் அன்னியர் அல்லர். 1936இல் கண்ணூரிலிருந்து சென்னை வரை பட்டினி ஜாதா நடத்தி வந்தவர். 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பியவர். இந்திய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளைப் பற்றிய முதல் பெரும் வழக்குகளில் ஒன்றான 1950ஆம் ஆண்டு வழக்கில் எதிர்த்தரப்பு சென்னை மாகாண அரசு, மனுதாரர் இவர். சட்டம் படிக்கும் நண்பர்களுக்கு அந்த வழக்கின் பெயராகத்தான் இவரைத் தெரிந்திருக்கிறது. எனக்கு இவர் முதலில் தெரிந்தது கட்லெட் மூலமாக.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கத்து மேசையில், முண்டாசைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைலிக்கு மாறிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். அந்தக் கடையில் வேலை செய்பவர். அவருடைய முறை முடிந்திருந்தது. அவருக்கு வேறொரு தொழிலாளி தட்டைக் கொண்டுவந்து வைத்தார், எனக்கு வைத்தது போலவே, எனக்கு வைத்த மேசையைப் போன்ற ஒரு மேசையில். சென்னை ஓட்டலின் ஈரத் தரை என் நினைவுக்கு வந்தது. நான் எழுந்து போய், என் ஊரைச் சொல்லி, கட்சி ஆதரவாளன் என்பதையும் சொல்லி, அரைகுறை மலையாளத்தில், இது நம்முடைய கட்சியின் கடை என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதையும் சொன்னேன். அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: "பார்ட்டியுடெ அல்ல மோனே, சொசைட்டியுடெ." கட்சியுடையது இல்லை மகனே, சங்கத்துடையது. பிறகு என்னையும் உட்காரச் சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சட்டப்படி மட்டுமல்ல, காலப்படியும் சரி. திருச்சூர்க் கடை திறந்தது 1958இல். அப்போது இருந்தது ஒன்றுபட்ட இந்திய கம்யூனிஸ்ட் கட்சி, ஈ.எம்.எஸ். தலைமையில் கேரளத்தை ஆண்டுகொண்டிருந்ததும் அதுதான். அந்தக் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறியது 1964 ஏப்ரலில், எங்கள் என். சங்கரய்யாவும் அவர்கள் வி.எஸ். அச்சுதானந்தனும் அந்த 32 பேரில் அடக்கம். மார்க்சிஸ்ட் கட்சி உருவானது அந்த ஆண்டின் இறுதியில். அதாவது "எங்கள் கட்சி ஓட்டல்" என் கட்சியைவிட ஆறு வயது மூத்தது. ஏ.கே.ஜி. பின்னால் எங்கள் கட்சியில் இருந்தார் என்பதால் அவர் முன்னால் செய்ததையெல்லாம் எங்கள் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டடம் ஒரு காந்தியவாதியுடையது, கடை ஒரு கூட்டுறவுச் சங்கத்துடையது, சங்கம் பிறந்தது பழைய கட்சியின் காலத்தில். என்னுடைய பெருமையில் எனக்கு உரியது என்று எஞ்சுவது எவ்வளவு என்று யோசித்தபோது, நெய்யாற்றின்கரை தாண்டியிருந்தது.

எஞ்சுவது குறைவு இல்லை என்பதுதான் என் முடிவு. வேலை போகிற தொழிலாளிக்கு நிவாரணம் வாங்கித் தருவதும் தொழிற்சங்க வேலைதான், யாரும் குறை சொல்ல முடியாது. கல்லாப்பெட்டியின் சாவியையே அவன் கையில் வாங்கிக் கொடுப்பது வேறு வகை. கேரளத்தில் இது ஒருமுறை மட்டும் நடந்த அதிசயம் அன்று. 1960களின் இறுதியில், பீடித் தொழிலாளர் சட்டத்தை ஏற்க மறுத்துப் பீடிக் கம்பெனிகள் கண்ணூரை விட்டு வெளியேறியபோது, தொழிலாளர்கள் சேர்ந்து 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். அப்போது நடந்தது மார்க்சிஸ்ட் கட்சியின் தலைமையிலான அரசு. இதை நான் தயங்காமல் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்வேன். பீடி குடிப்பவர்கள் குறைந்தபோது அந்தச் சங்கம் உணவுப் பொருள், குடை என்று வேறு தொழில்களுக்கு மாறிக்கொண்டது. அன்று என் கையில் இருந்தது ஒரு தினேஷ் குடை. தென்மேற்குப் பருவமழைக்கு அது எப்படித் தாங்குகிறது என்பதற்குத் தனியாக ஒரு மதிப்புரை எழுதலாம்.

பெருமையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒரு சங்கடமும் இருக்கிறது. கேரளத்துக் காபி ஹவுஸ்களில் முண்டாசு கட்டிப் பரிமாறுகிறவர்கள் நெடுங்காலம் ஆண்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள். சங்கத்தின் உரிமையாளர்கள் தொழிலாளர்கள் என்னும்போது, அந்தத் தொழிலாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள் என்றால், உரிமையும் அந்த அளவுக்கு ஆண்களிடமே இருந்தது என்று பொருள். அண்டியாபீஸில் சங்கம் கட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் பாட்டி அவர்களில் ஒருத்தி. அவளை இந்தக் கடைக்கு அழைத்து வந்து "தொழிலாளிகளே முதலாளிகள்" என்று நான் விளக்கினால், அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு முதலில் கேட்கப்போவது இதைத்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளியிலிருந்து வரும் விமரிசனத்தைவிட வேகமாகக் கட்சிக்காரர்களே கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்த மதிப்புரை தம்பானூர்க் கடைக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டிலும், பெங்களூரின் சர்ச் ஸ்ட்ரீட்டிலும், சிம்லாவிலும், புதுச்சேரியின் நேரு வீதியிலும் இதே பெயரில் கடைகள் இருக்கின்றன. பெயர் ஒன்று என்றாலும் சங்கங்கள் வேறு வேறு, சமையலும் வேறு. புதுச்சேரிக் கடையில் பீட்ரூட்டைத் தேடிக்கொண்டு போய் ஏமாந்தேன் என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை நெரிசலையும் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தவிர்த்து, நாலு மணிக்கு மேல் போவது உத்தமம். முடிந்தவரை மேலே ஏறி உட்காரவும். ஏற ஏறக் காற்று கூடும், பேருந்துச் சத்தம் குறையும். முழங்கால் வலி உள்ளவர்கள் வாசலை ஒட்டிய மேசைகளிலேயே அமர்ந்துவிடலாம். பெரிய கூட்டமாகப் போகிறவர்கள் ஒரே மேசையில் உட்கார முடியாது. மேசை சுவரோடு கட்டப்பட்டது, இழுத்துச் சேர்க்க வராது. காதலர்களுக்கு வளைவு வசதியானது, எதிர்வளைவில் இருப்பவருக்குத் தலை மட்டும்தான் தெரியும். அவசர ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கட்லெட்டைப் பார்சலாக வாங்கிக்கொள்ளலாம்.

நானும் பாட்டாவுக்கு இரண்டு கட்லெட் பார்சல் வாங்கினேன். அவருக்கு இப்போது எண்பத்தைந்து. ரயிலேறிப் பல வருடம் ஆகிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை, பொட்டலத்தின் காகிதத்தில் எண்ணெயும் பீட்ரூட் சாறும் ஊறி ஒரு சிவப்பு வட்டம் படர்ந்திருந்தது. அந்தத் தொழிலாளியிடம் நான் பேசியதையும், அவர் சொன்ன பதிலையும், 1958, 1964 கணக்கையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பாட்டா பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டு, உள்ளே சிவப்பு சரியாக இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் மக்கா," என்றார். "சாஸ் எங்கலே?"